வீட்டுக் கணக்கில் கேம் செலவு சினிமாவைத் தாண்டிவிட்டது. உங்கள் வீட்டில் எப்படி?

கணக்குநோட்டு (மதுரை)

வணக்கம். இருபது வருடமாக வீட்டுச் செலவை நோட்டில் எழுதி வருகிறேன். கல்யாணமான புதிதில் மளிகைக் கடைச் சிட்டையை ஒட்டி வைக்க ஆரம்பித்தது, அப்படியே நிலைத்துவிட்டது. தீபாவளிச் செலவை எழுத உட்கார்ந்தபோது பழைய நோட்டைப் புரட்டினேன். பொழுதுபோக்குப் பக்கத்தில் வந்து நின்றுவிட்டேன்.

2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, நாங்கள் நான்கு பேர். தியேட்டருக்குப் போனது ஐந்து தடவை. டிக்கெட், இடைவேளைப் பாப்கார்ன், வண்டி நிறுத்தக் காசு எல்லாம் சேர்த்துத் தடவைக்கு 1,450 ரூபாய், ஆக 7,250. கேபிள் மாதம் 300 என்று 3,600. ஓடிடி இரண்டு, ஒன்று 1,499, இன்னொன்று 899.

கேம் என்று நோட்டில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் வங்கி ஸ்டேட்மென்டில் இருக்கிறது. 80, 80, 240, 80, 400, மறுபடி 80. மஞ்சள் மார்க்கரை எடுத்துக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். மொத்தம் 56 கோடு, 11,040 ரூபாய். கேம் எது என்பது இங்கே முக்கியமில்லை. சுட்டு விளையாடுகிற ஒன்று, உள்ளே உடுப்பும் துப்பாக்கி நிறமும் விற்கிறார்கள்.

பையன் பிளஸ் ஒன் படிக்கிறான். யுபிஐ பின் அவனுக்குத் தெரியும். கரண்ட் பில், காஸ் புக்கிங் எல்லாம் அவன்தான் செய்து தருவான். திருடினான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பல தடவை "அப்பா, எண்பது ரூபாய்" என்று கேட்டிருக்கிறான், நானும் வேலை மும்முரத்தில் சரி என்று தலையாட்டியிருக்கிறேன். எண்பது ரூபாய் இரண்டு டீ, இரண்டு வடைக் காசுதானே என்று தோன்றும். நாள்தோறும் ஒன்றரை மணி நேரம் விளையாடுவான், ஞாயிறு கொஞ்சம் கூடும்.

திட்டுவதற்கு முன்னால் கேட்டுக்கொள்ளலாம் என்று வந்தேன். இது அதிகமா? மற்ற வீடுகளில் எவ்வளவு போகிறது?

ஜாய்ஸ்டிக் (கோவை)

சார், எனக்கு 27 வயது. ஏழாம் வகுப்பிலிருந்து விளையாடுகிறேன். தயவுசெய்து திட்டாதீர்கள், முதலில் மணி நேரக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

ஐந்து படம், படத்துக்கு மூன்று மணி நேரம், நாலு பேர். ஆக 60 மணி நேரத்துக்கு 7,250. ஒரு ஆளுக்கு ஒரு மணி நேரம் கிட்டத்தட்ட 121 ரூபாய். உங்கள் பையன் வருடத்துக்கு 550 மணி நேரம் விளையாடுகிறான் என்று வைத்தால், 11,040க்கு ஒரு மணி நேரம் 20 ரூபாய். போனின் விலையில் ஒரு பங்கை, வருடம் 6,000 என்று சேர்த்தாலும் 31 ரூபாய்க்கு மேல் வராது. வெளியில் வேறு எந்தப் பொழுதுபோக்கு இந்த விலைக்குக் கிடைக்கும்? ஒரு மணி நேரம் டர்ஃபில் கிரிக்கெட் ஆடப் போனால்கூட ஆளுக்கு நூறு ரூபாய் பங்கு வருகிறது.

சினிமாவுக்கு 1,450 கொடுத்துவிட்டுப் படம் நன்றாக இல்லையென்றாலும் யாரும் கணக்குக் கேட்பதில்லை. கேம் என்றவுடன்தான் மார்க்கர் வெளியே வருகிறது. இது எங்கள் தலைமுறைக்கு நிஜமாகவே வலிக்கிற விஷயம்.

பழைய டெக் (தஞ்சாவூர்)

தம்பி ஜாய்ஸ்டிக், மணிக் கணக்கு சரிதான். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போகிறது. எங்கள் காலத்தை வைத்துச் சொல்கிறேன்.

எண்பதுகளில் எங்கள் தெருவில் டெக், அதாவது வீடியோ கேசட் ஓட்டுகிற பெட்டி, எடுத்துப் படம் போடுவார்கள். டிவி, டெக், மூன்று கேசட், எல்லாம் ஒரு ராத்திரிக்கு வாடகை. வீட்டுக்கு ஐந்து ரூபாய் வசூல். பாய் கொண்டுவந்து விரிப்பவர்களுக்கு முன்வரிசை. மூன்றாவது படம் ஓடும்போது பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருப்பார்கள், விடியற்காலை பால்காரர் வரும்போது கேசட் முடியும். செலவு என்ன என்பது தெருவுக்கே தெரியும்.

தொண்ணூறுகளில் வீடியோ கேம் கடை வந்தது. டிவி முன்னால் ஸ்டூல், கேட்ரிட்ஜை ஊதி ஊதிச் செருகுவோம். ஒரு மணி நேரம் பத்து ரூபாய். காசு தீர்ந்தால் கடைக்காரர் கன்ட்ரோலரைக் கையிலிருந்து வாங்கிவிடுவார். டவுசர் பையில் இருந்த காசுதான் எல்லை.

அப்புறம் 2006இல் அரசு இலவச கலர் டிவி கொடுத்தது. 2011இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்கு வந்தது. ஏழை வீட்டிலும் பொழுதுபோக்கு என்பது ஏறக்குறைய செலவே இல்லாத ஒன்று என்று நம் மனதில் அப்போது பதிந்துவிட்டது. அந்தக் கண்ணோடு 11,040ஐப் பார்த்தால் திகைப்பாகத்தான் இருக்கும். பாருங்கள், கேம் கடையில் பத்து ரூபாய் தீர்ந்தது எனக்குத் தெரிந்தது. கணக்குநோட்டு சாரின் பையனுக்கு 56 தடவை தீர்ந்தது யாருக்குமே தெரியவில்லை, அவனுக்கும் தெரிந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

புள்ளிவிவரம் (சென்னை)

மற்ற வீடுகளில் எவ்வளவு என்று கேட்டீர்கள். மத்திய அரசின் வீட்டு நுகர்வுச் செலவு ஆய்வு, 2022-23, இதற்கு ஓரளவு பதில் சொல்கிறது.

நாடு முழுவதற்கும் சராசரியாக ஒருவரின் மாதச் செலவு கிராமத்தில் 3,773 ரூபாய், நகரத்தில் 6,459. தமிழ்நாட்டில் இதைவிட அதிகம், கிராமத்தில் 5,310, நகரத்தில் 7,630. அகில இந்தியக் கணக்கில் இந்தச் செலவில் பொழுதுபோக்குக்குப் போவது கிராமத்தில் 1.09%, நகரத்தில் 1.58%. அதாவது நகரத்தில் ஒருவருக்கு மாதம் 102 ரூபாய்தான். நாலு பேர் வீட்டுக்குச் சுமார் 408. உங்கள் வீட்டில் எல்லாம் சேர்த்து வருடம் 24,288 ஆகிறது, மாதம் 2,024. சராசரியைப் போல ஐந்து மடங்கு.

பயப்பட வேண்டாம். இந்தச் சராசரியில் பொழுதுபோக்குக்கு எதுவுமே செலவழிக்க முடியாத வீடுகளும் இருக்கின்றன. அதோடு போன் ரீசார்ஜ் இந்தத் தலைப்பில் வராது, சேவைகள் என்ற வேறு தலைப்பில் போய்விடும். போன் வாங்கிய பணம் நீடித்த பொருள்கள் என்ற தலைப்பில். இன்றைக்கு ஒரு வீட்டின் பொழுதுபோக்கில் பெரும்பகுதி ரீசார்ஜுக்குள்தான் ஒளிந்திருக்கிறது. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபிறகு டேட்டா விலை சரிந்தது, பாட்டு, படம், கேம் எல்லாம் அந்த ஒரு பில்லுக்குள் போய்விட்டன. 1.58 என்ற எண் சின்னதாகத் தெரிய இதுவும் ஒரு காரணம்.

அதே ஆய்வில் இன்னொரு வரியையும் பாருங்கள். பாக்கு, புகையிலை, போதைப் பொருள்களுக்கு நகரத்தில் 2.43%, கிராமத்தில் 3.79%. வீட்டில் எல்லோரும் சேர்ந்து சிரிக்கச் செலவாகும் பணத்தைவிட இது அதிகம். கேமுக்கு மார்க்கர் எடுக்கும் வீடுகள் இந்த வரிக்கும் எடுத்தால் நன்றாக இருக்கும். கணக்குநோட்டு சாரைச் சொல்லவில்லை, பொதுவாகச் சொல்கிறேன்.

இரண்டாவது கன்ட்ரோலர் (சென்னை)

நானும் என் கணவரும் சேர்ந்து விளையாடுகிறவர்கள். எங்கள் கணக்கையும் வைக்கிறேன்.

2023இல் டிவியில் இணைத்து விளையாடுகிற பிஎஸ்5 கேம் பெட்டி வாங்கினோம், டிஸ்க் போடுகிற மாடல், 54,990. இன்னொரு கன்ட்ரோலர் சுமார் 6,000. டிஸ்க் இல்லாத மாடல் 44,990க்குக் கிடைத்தது, பத்தாயிரம் மிச்சம் என்று என் கணவர் ஆசைப்பட்டார். நான் விடவில்லை. பெரிய கேம் ஒன்று அப்போது புதிதாக 4,999. டிஸ்க்காக இருந்தால் முடித்துவிட்டு விற்கலாம். ரிச்சி தெருவில் பழைய டிஸ்க்கை 2,200க்கு வாங்கி, ஆடி முடித்து 1,800க்குக் கொடுத்திருக்கிறேன். இரண்டு மாத விளையாட்டுக்கு நானூறு ரூபாய். டவுன்லோடு செய்கிற கேமை யாரிடமும் விற்க முடியாது, தம்பிக்குக்கூடக் கொடுக்க முடியாது. கடையில் கேட்டால் யாரும் இதைச் சொல்வதில்லை, வாங்கப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இதுவரை கேம்களுக்கு நிகரமாகப் போனது 14,000. எல்லாம் கூட்டினால் 74,990. மூன்று வருடம் என்று வகுத்தால் மாதம் 2,083. முன்பெல்லாம் மாதம் இரண்டு தடவை மால் தியேட்டர், தடவைக்கு 1,200, ஆக 2,400 செலவழித்தோம். இப்போது தியேட்டர் வருடத்துக்கு மூன்று நான்கு தடவைதான். டிக்கெட் வரியும் எங்களுக்குக் குறையவில்லை. 2025 செப்டம்பர் 22 முதல் நூறு ரூபாய் வரையுள்ள டிக்கெட்டுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது, அதற்கு மேல் போனால் அதே 18 தான். மாலில் நூறு ரூபாய் டிக்கெட்டுக்கு எங்கே போவது.

இது செலவைக் குறைத்தது என்று சொல்ல மாட்டேன், இடம் மாற்றியது. ஆனால் வெள்ளிக்கிழமை ராத்திரி இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, தோசையைத் தட்டில் பிய்த்துக்கொண்டே ஒரே திரையைப் பார்த்து விளையாடுகிறோம். முடிவெடுத்தது இரண்டு பேரும், அனுபவிப்பதும் இரண்டு பேரும். அதனால் எங்களுக்குள் சண்டை வரவில்லை.

ஈரோட்டுக்காரன்

எல்லோரும் கேம் கேம் என்கிறீர்கள். எங்கள் வீட்டில் கேம் என்ற சொல்லையே அம்மா கேட்கப் பொறுக்க மாட்டார். என் அண்ணன் ஆன்லைன் ரம்மியில் விட்டது ஒரு வருடக் கணக்கில் வராது. அண்ணியின் ஆறு பவுன் நகை போனது, வண்டி போனது. முதலில் ஐம்பது ரூபாய்தான் போட்டான். ஜெயித்து 340 ரூபாய் வந்தது, எல்லோருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தான். அந்த ராத்திரி எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

2022இல் தமிழ்நாடு அரசு இதை ஆராய நீதிபதி சந்துரு குழு போட்டது, தடைச் சட்டம் வந்தது, 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் ரம்மி, போக்கருக்கான தடையை மட்டும் நீக்கியது. அண்ணன் விட்ட பணத்தில் பாதி அதற்குப் பின்னால் போனதுதான். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் பணம் வைத்து ஆடும் எல்லா ஆன்லைன் விளையாட்டையும் தடை செய்தது. அதற்குள் எங்கள் வீட்டுக் கணக்கு முடிந்திருந்தது.

பொழுதுபோக்குச் செலவு என்று பேசும்போது இதை அதில் சேர்க்காதீர்கள், தயவுசெய்து.

ஜாய்ஸ்டிக் (கோவை)

ஈரோட்டு அண்ணா, படித்துவிட்டு என்ன எழுதுவதென்றே தெரியவில்லை. அண்ணி, பிள்ளைகள் இப்போது நன்றாக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன்.

நீங்கள் சொன்னது சரி, அதுவும் இதுவும் ஒன்றில்லை. 2025 சட்டமும் பிரித்துத்தான் வைத்திருக்கிறது. இ-ஸ்போர்ட்ஸ் என்கிற கேம் போட்டிகளையும், பணம் ஜெயிக்க முடியாத விளையாட்டுகளையும் தடை செய்யவில்லை. கணக்குநோட்டு சாரின் பையன் ஆடுவது இந்த இரண்டாவது வகை.

ஆனால் எங்கள் பக்கத்து உண்மை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சில கேம்களில் உடுப்பை நேரடியாக விற்பதில்லை. காசு கட்டி ஸ்பின் என்கிற அதிர்ஷ்டச் சக்கரத்தைச் சுற்ற வேண்டும். நல்லது விழாவிட்டால் மறுபடி 80. நான் பிளஸ் டூவில் ஒரே ஒரு துப்பாக்கி நிறத்துக்காக ஒரு ராத்திரியில் ஒன்பது தடவை சுற்றினேன். விழவில்லை. காலையில் எழுந்து அம்மா முகத்தைப் பார்க்க முடியவில்லை. இப்படிக் காசு வாங்கிக் குலுக்குவதைப் பெல்ஜியம் 2018இலேயே சூதாட்டம் என்று சொல்லிவிட்டது. சீனாவில் 2019இல் சிறுவர்களுக்குச் செலவு வரம்பே வைத்தார்கள், 8 முதல் 16 வயதுக்குள் என்றால் மாதம் 200 யுவானுக்கு மேல் போட முடியாது.

சார், பையனிடம் எவ்வளவு என்று கேட்காதீர்கள், எதற்கு என்று கேளுங்கள். நேரடியாக வாங்கிய பொருளா, சுற்றியதா? சுற்றியது என்றால் அங்கேதான் நிறுத்த வேண்டும். நேற்று மணி நேரத்துக்கு 20 ரூபாய் என்று நான் எழுதிய கணக்கு, வாங்கிய பொருளுக்குத்தான் பொருந்தும்.

அடுக்களை ஜன்னல் (திருநெல்வேலி)

அண்ணாச்சி, முதலிலிருந்து எல்லாவற்றையும் வாசித்தேன். உங்கள் பட்டியலில் ஒன்று கண்ணில் படவே இல்லை. நாலு பேர் வீடு என்றீர்கள். பையனுக்கு 11,040. கேபிள் யாருக்கு, ஓடிடி யாருக்கு என்று எழுதவில்லை. உங்கள் வீட்டம்மாவுக்கு என்று தனியாக ஒரு ரூபாய் எங்கே இருக்கிறது?

குறை சொல்லவில்லை. எங்கள் வீட்டிலும் அப்படித்தான். பிள்ளைகள் வைக்கிற சேனலை நின்றுகொண்டே பார்ப்பேன், குக்கர் விசில் வந்ததும் போய்விடுவேன். தியேட்டருக்குப் போவதென்றால் எனக்கு அன்றைக்கு ராத்திரிச் சமையல் இல்லை, அந்த ஒன்றுக்காகவே படம் எப்படி இருந்தாலும் எனக்குப் பிடிக்கும். ஜாய்ஸ்டிக் தம்பியின் மணிக் கணக்கில் அந்த மூன்று மணி நேரத்துக்கு 121 ரூபாய் அதிகம் என்று வருகிறது. எனக்கு அது அதிகமில்லை தம்பி.

கணக்குநோட்டு (மதுரை)

மூன்று நாளாக இங்கே எழுதவில்லை. அக்கா கேட்ட கேள்வி என்னைப் பேசாமல் உட்கார வைத்துவிட்டது.

முதலில் பையன். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஸ்டேட்மென்டை அவன் முன்னால் வைத்தேன். சத்தம் போடவில்லை. மஞ்சள் கோடுகளை ஒவ்வொன்றாக எண்ணினான். "இவ்வளவாப்பா?" என்றான். பழைய டெக் ஐயா சொன்னது அப்படியே நடந்தது, அவனுக்கும் தெரிந்திருக்கவில்லை. ஜாய்ஸ்டிக் தம்பி சொன்னபடி எதற்கு என்று கேட்டேன். கேமைத் திறந்து காட்டினான். ஒரு அறை முழுக்க உடுப்புகள் வரிசையாக இருந்தன. நண்பர்களோடு சேர்ந்து ஒரே மாதிரி போட்டுக்கொண்ட சட்டை ஒன்று, அதைக் காட்டும்போது முகமே மாறிவிட்டது. பத்தாம் வகுப்பு முடிந்து வேறு வேறு பள்ளிக்குப் பிரிந்துபோன நாலு பேர், ராத்திரி எட்டரைக்கு அங்கேதான் சந்திக்கிறார்கள். இது எனக்குத் தெரியாது. சுற்றியது எவ்வளவு என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பிரித்தோம். 400, 800 ரூபாய்க் கோடுகள் முழுவதும் அதுதான், 5,200 ரூபாய். அந்தப் பணத்துக்கு அவன் கையில் இருப்பது அவனே போட்டுக்கொள்ளாத இரண்டு தொப்பி. அதைச் சொல்லும்போது அவன் குரல் இறங்கிவிட்டது, எனக்கும் கஷ்டமாகிவிட்டது.

அப்புறம் என் மனைவி. ராத்திரி எல்லாம் முடித்துவிட்டு அவள் பழைய போனில் ஏதோ தட்டிக்கொண்டிருப்பதைப் பல வருடமாகப் பார்க்கிறேன், என்ன என்று கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். வண்ணக் கட்டிகளை மூன்று மூன்றாகச் சேர்க்கிற கேம். 1,900ஆவது கட்டத்தைத் தாண்டிவிட்டாள். "காசு எதுவும் போடலைங்க" என்றுதான் முதலில் சொன்னாள். ஐந்து உயிர் தீர்ந்தால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும், இல்லையென்றால் முப்பது விநாடி விளம்பரம் பார்த்தால் ஒரு உயிர் கொடுப்பார்கள். அவள் விளம்பரம் பார்க்கிறாள். போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு அந்த முப்பது விநாடியில் மறுநாளைக்குப் பயறு ஊறப்போட்டுவிட்டு வருகிறாள்.

ஒரே வீட்டில் ஒருவன் 56 தடவை வாங்கியிருக்கிறான், ஒருத்தி 1,900 கட்டமும் விளம்பரம் பார்த்தே தாண்டியிருக்கிறாள். இரண்டுமே என் நோட்டில் இல்லை. இருபது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன் என்று இங்கே முதல் வரியில் எழுதினேனே, அதை இப்போது படிக்க எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

புள்ளிவிவரம் (சென்னை)

சார், உங்கள் பையனுடன் சேர்ந்து இதை மட்டும் இன்றைக்கே செய்துவிடுங்கள். பிளே ஸ்டோர் அமைப்பில், ஒவ்வொரு தடவை வாங்கும்போதும் உறுதிசெய்யக் கேட்கும்படி வைக்க ஒரு வழி இருக்கிறது. அதைப் போடுங்கள். யுபிஐ ஆட்டோபேயில் என்னென்ன ஓடுகிறது என்றும் பாருங்கள். 15,000 ரூபாய் வரையிலான மாதாந்திரப் பிடித்தம் ஒரு தடவை ஒப்புக்கொண்டுவிட்டால் அதன்பிறகு ஓடிபி கேட்காமலே போய்க்கொண்டிருக்கும். தவறுதலாக வாங்கியதை 48 மணி நேரத்துக்குள் தெரிவித்தால் பணம் திரும்பக் கேட்க முடியும். பழையதைத் திரும்பப் பெறுவது கஷ்டம்.

இரண்டாவது கன்ட்ரோலர் (சென்னை)

அந்த நாலு பசங்களின் எட்டரை மணியை மட்டும் எடுத்துவிடாதீர்கள் சார். நிறுத்த வேண்டியது ஸ்பின்னை.

கணக்குநோட்டு (மதுரை)

எடுக்கவில்லை அம்மா. மாதம் 250 ரூபாய் என்று பேசி முடித்தோம். நான் சொன்னது 150, அவன் கேட்டது 400. ஸ்பின் இல்லை என்பதை அவனே சொன்னான். வாங்கிய அன்றே நோட்டில் அவன் கையாலேயே எழுத வேண்டும், பின் நம்பரை மாற்றவில்லை. ஆட்டோபேயில் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, எப்போதோ இலவசமாகச் சேர்ந்த ஒரு பாட்டு ஆப், மாதம் 99. நான்தான் சேர்ந்திருக்கிறேன். நிறுத்திவிட்டேன்.

பொழுதுபோக்குப் பக்கத்தில் இப்போது நாலு பெயருக்கும் நாலு கட்டம் போட்டிருக்கிறேன். மகள் தன் கட்டத்தில் கேரம் போர்டு வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறாள், விலை விசாரிக்க வேண்டும். மனைவியின் கட்டம் முதல் வாரம் முழுக்கக் காலியாகவே இருந்தது. நேற்று ராத்திரி பையன் அம்மாவின் பழைய போனை வாங்கி ஏதோ செய்துகொண்டிருந்தான். காலையில் பார்த்தால் அவள் பெயருக்கு நேரே அவன் கையெழுத்து: "விளம்பரம் நீக்க, 89. என் 250இல் கழித்துக்கொள்ளவும்."

கழிக்கவில்லை. அவள் கட்டத்திலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.